இதரச் செலவு

ஞாயிற்றுக்கிழமை, காலை

அன்புள்ள மெக்கானிக் அவர்களுக்கு,

நானும் என் முழங்கால் வலியும் இங்கே சௌக்கியம். நீங்களும் உங்கள் பிடிவாதமும் அங்கே எப்படி இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. போன வாரம் போனில் பேசும்போது உங்களுக்கு மூச்சு வாங்கியது. கேட்டால், மாடி ஏறி வந்தேன் என்கிறீர்கள். ஊருக்கெல்லாம் லிஃப்ட் மாட்டுகிற ஆள் படியேறித்தான் தன் அறைக்குப் போக வேண்டியிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அறையை முதல் மாடிக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள். நாலாம் மாடியில் வாடகை குறைவு என்று எனக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டுப் பாருங்கள்.

இந்த மாதப் பட்டியல் வெள்ளிக்கிழமையே கைக்கு வந்துவிட்டது. என்னுடைய பட்டியலில் நீங்கள் அடித்திருந்ததையும் பார்த்தேன். குடையை அடித்தது சரிதான், பழையதற்குக் கம்பி மாற்றிக்கொள்கிறேன். ஆனால் முழங்காலுக்குப் போடுகிற பட்டையை அடிக்காமல் விட்டுவிட்டு, பக்கத்தில் "நல்லதாக வாங்கு" என்று எழுதியிருக்கிறீர்களே, அது விதிப்படி தப்பு. அடிக்கலாம், இல்லை விட்டுவிடலாம். கருத்துச் சொல்ல அங்கே இடமில்லை.

கண்ணாடிக் கடையில் என்னோடு லென்ஸ் தேய்க்கப் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். நீங்கள் இரண்டு பேரும் காசு விஷயத்தில் சண்டையே போடமாட்டீர்களாமே, எப்படி அக்கா என்று கேட்டாள். முதலாளிதான் எங்கோ சொல்லியிருக்கிறார். நான் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னேன். முதல் வருஷம் ஒரு செருப்புக்காக மூன்று நாள் பேசாமல் இருந்ததைச் சொன்னேன். அதற்குப் பிறகு நாம் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தையும் சொன்னேன். மாதா மாதம் ஆளுக்கொரு செலவுப் பட்டியல். ஒருவர் பட்டியலில் மற்றவர் சிவப்புப் பேனாவால் இரண்டு வரி அடிக்கலாம். ஏன் அடித்தாய் என்று அவர் கேட்கக் கூடாது, எதற்கு எழுதினாய் என்று இவர் கேட்கக் கூடாது. அடித்த பணம் அப்படியே சேமிப்புக்குப் போய்விடும். பதினோரு வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறோம், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை என்றேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். வீட்டுக்குப் போனதும் மாப்பிள்ளையிடம் சொல்கிறேன் என்றாள்.

உங்கள் பட்டியலில் நான் அடித்தவை இரண்டு. ஒன்று, கைக்கடிகாரத்துக்குப் புதுப் பட்டை. இன்னொன்று அந்த "இதர". எட்டாயிரம். நாலு மாதமாக நீங்களும் சளைக்காமல் எழுதுகிறீர்கள், நானும் சளைக்காமல் அடிக்கிறேன். உங்கள் இதரவைப் பற்றி எனக்குத் தெரியாதா என்ன? கல்யாணமான மூன்றாம் வருஷம் ஆறு மாதம் தொடர்ந்து இதர, இதர என்று எழுதினீர்கள். கடைசியில் தலையணை உறையைத் துவைக்கக் கழற்றினால் கத்தையாக லாட்டரிச் சீட்டு விழுந்தது. இந்த வயதில் மறுபடியும் அந்த ஆசையா? எட்டாயிரத்துக்குச் சீட்டு வாங்கினால் உங்களுக்குத் தலையணை போதாது, மெத்தை வேண்டும்.

நேற்று கடை முடிந்ததும் நம் வீட்டைப் பார்க்கப் போனேன். வீடு என்று சொல்கிறேனே தவிர, தூணும் தரையும் இடுப்பளவு செங்கல்லும்தான் இருக்கின்றன. மூன்றாம் மாடியில் சமையலறை வரப்போகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். ஜன்னல் கிழக்குப் பக்கம். காவல்காரர் கீழே இருந்து, பார்த்தும்மா, ஓரத்துக்குப் போகாதீங்க என்று கத்திக்கொண்டே இருந்தார். இரண்டாவது தவணையை அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று அலுவலகத்தில் மறுபடி சொன்னார்கள். கூட்டுறவு வங்கியில் நம் இருவர் பேரிலும் இருக்கிற வைப்புத்தொகையை எடுத்தால் சரியாக இருக்கும். அதற்கு இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும், படிவத்தை அப்புறம் அனுப்புகிறேன்.

இங்கே வீட்டுக்காரம்மா தண்ணீர் மோட்டாரைக் காலையில் அரை மணி நேரம்தான் போடுகிறார். வாடகையை ஏற்றப்போவதாகவும் ஜாடையாகச் சொல்லிவிட்டார். இது நமக்கு ஐந்தாவது வாடகை வீடு. ஆறாவது ஒன்று வேண்டாம் என்று இருக்கிறது எனக்கு. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள், இருமலுக்கு வெந்நீர் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிதி மந்திரி

*

புதன்கிழமை

என்னங்க,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். போனில் சொல்லலாம். சொன்னால் நீங்கள் சிரித்து மழுப்பிவிடுவீர்கள், எனக்கும் அழுகைதான் வரும். எழுதினால் பாதியில் நிறுத்தமாட்டீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் அறையில் இருக்கிற வெல்டர் அண்ணன் எனக்குப் போன் செய்தார். உங்களுக்குத் தெரியாமல் செய்வதாகச் சொன்னார். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். சனிக்கிழமை ஆறாம் மாடியில் வேலை செய்துகொண்டிருந்தபோது நீங்கள் கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டீர்களாம். கூப்பிட்டால் பதில் இல்லையாம். சட்டை முழுக்க வியர்வையாம். நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்களாம். இதயத்துக்குப் போகிற குழாய்களில் மூன்று அடைத்திருக்கிறதாம். திங்கட்கிழமையே அறைக்குத் திரும்பிவிட்டீர்களாம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னோடு போனில் பேசினீர்களே, மழை பெய்கிறது என்றீர்களே, அது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தா?

அதோடு முடிந்திருந்தால்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்த அண்ணன் ஒன்று சொன்னார். சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித்தான் சொன்னார். "தங்கச்சி, இந்தச் சோதனையைச் செஞ்சுடுங்கன்னு டாக்டர் அஞ்சு மாசத்துக்கு முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டாரும்மா. எட்டாயிரம்தான். ஏன்டா இன்னும் போகலைன்னு மாசா மாசம் கேப்பேன். எங்க நிதி மந்திரி பட்ஜெட்ல வெட்டிட்டாங்கன்னு சொல்லிச் சிரிப்பான்."

நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். அவர் அலோ அலோ என்று கூப்பிடுவது கேட்டது.

பீரோவில் இருந்து உங்கள் பட்டியல்களை எடுத்துப் பார்த்தேன். நாலு தாளிலும் அந்த "இதர" மேல் ஒரு சிவப்புக் கோடு. ஸ்கேல் வைத்து நேராகப் போட்டிருக்கிறேன். அந்த எட்டாயிரம் ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து வந்தது, நான் எண்ணிப் பார்த்து வீட்டுக் கணக்கில் போட்டேன். போட்டுவிட்டு, மனுஷன் சொன்ன பேச்சைக் கேட்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். சனிக்கிழமை அந்தச் சோதனைக்கு உங்களோடு வேலை செய்கிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். முகம் தெரியாத ஆட்கள் கட்டிய பணத்தை நான் அடித்திருக்கிறேன்.

ஒரு வார்த்தை, நெஞ்சு என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் அடிப்பேனா? பயந்துவிடுவேன் என்று நினைத்தீர்கள். வீடு வீடு என்று நான் குதித்துக்கொண்டிருக்கும்போது சொல்ல மனசு வரவில்லை. சரி. நானாவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கக் கூடாது என்ற ஒப்பந்தத்தை அவ்வளவு கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எதிராளி மூச்சு வாங்குவது காதில் விழுந்தும் கேட்கவில்லை. படியேறியதைச் சொல்லிக் கேலி வேறு செய்தேன். அந்தக் கடிதம் உங்கள் கையில் இருந்தால் தயவுசெய்து கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இன்று காலை அண்ணனிடம் டாக்டரின் எண்ணை வாங்கி நானே பேசினேன். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். ஏழு லட்சம் ஆகும், கம்பெனி தருவது அதில் கால்வாசிக்கும் வராது. ஐந்து மாதம் முன்னால் செய்திருந்தால் எப்படி என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர், நேரடியாகப் பதில் சொல்லவில்லை. "இப்பவும் செய்யலாம்மா. ஆனா இதயம் ரொம்பப் பலவீனமாயிருக்கு. முழுசா பழையபடி ஆவார்னு நான் சொல்லமாட்டேன்" என்றார்.

வைப்புத்தொகையை எடுக்கிற படிவம் இதோடு இருக்கிறது. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். பென்சிலால் புள்ளி வைத்திருக்கிற இடத்தில் உங்கள் கையெழுத்தைப் போட்டு மறு தபாலிலேயே அனுப்புங்கள். எனக்கு வேறு பதில் எதுவும் வேண்டாம். வீட்டைப் பற்றி ஒரு எழுத்து எழுத வேண்டாம். வேலைக்குப் போகாமல் அறையிலேயே இருங்கள்.

உங்கள் மனைவி

*

சனிக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள உங்களுக்கு,

ஒரு வாரம் கழித்துப் படிவம் திரும்பி வந்தது. உங்கள் இடம் காலியாகவே இருக்கிறது. கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெரிய தாளை மடித்து வைத்திருக்கிறீர்கள். கூடவே ஒரு கடிதம்.

கடிதத்தில் என்னைச் சமாதானப்படுத்தியிருக்கிறீர்கள். நீ அடித்ததால் ஒன்றும் ஆகவில்லை, வரவேண்டியது வந்தது என்கிறீர்கள். டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள், மாத்திரை சாப்பிட்டால் மூச்சு இறைப்பது குறைந்திருக்கிறது என்கிறீர்கள். தவணையைக் கட்டாவிட்டால் கட்டின பணத்தில் கால் பங்கு போய்விடும், பதினோரு வருஷத்தை ஒரே நாளில் ஆஸ்பத்திரியில் கொட்ட வேண்டாம் என்கிறீர்கள். முதலில் வீட்டை முடிப்போம், அப்புறம் உடம்பைப் பார்ப்போம், ஐந்து வருஷத்துக்குத் திட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன், நீயே சரிபார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

சரிபார்த்தேன். எவ்வளவு முட்டாள் நான் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தாளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்து, மூலைக்கொரு டம்ளர் வைத்து, கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சரிபார்த்தேன். மேலே மாதங்கள், இடது பக்கம் செலவு, கீழே வரவு, அடியில் மிச்சம். உங்கள் கையெழுத்து எப்போதும்போல அச்சடித்த மாதிரி. கூட்டல் எல்லாம் சரியாக இருந்தது. தவணை எதுவும் தவறவில்லை. நாலாம் வருஷக் கடைசியில் கடன் தீர்ந்து வீடு நம்முடையதாகிவிடுகிறது. மனசு கொஞ்சம் லேசாகக்கூட ஆயிற்று. இவர் இவ்வளவு தெளிவாகப் போட்டிருக்கிறாரே, ஒருவேளை முடியுமோ என்று நினைத்தேன்.

கடைசியில் பழக்க தோஷம், சிவப்புப் பேனாவை எடுத்தேன். உங்கள் செலவில் இரண்டு வரி அடிக்கலாம் என்று தேடினேன். இந்த வருஷத்தில் இருந்தது. உங்கள் டீ, உங்கள் அறை வாடகை, ஊருக்கு வருகிற ரயில் கட்டணம். அடுத்த வருஷம் மூன்றாம் மாதத்துக்குப் போனேன். அங்கே உங்களுடையது என்று அடிக்க ஒரு வரிகூட இல்லை. நாலாம் மாதத்தில் இல்லை. ஐந்தாம் மாதத்தில் இல்லை. ஐந்து வருஷம் முடிகிறவரைக்கும் எங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் கண்ணில் பட்டது. பால் அரை லிட்டராகக் குறைந்திருக்கிறது. அரிசி பாதி. ஒரே ஒரு போன் கட்டணம். உங்கள் சம்பளம் என்ற வரவு நின்றுபோய், அந்த இடத்தில் பென்சிலால் ஒரு பெரிய தொகை, என்ன ஏது என்று பேர் போடாமல். எனக்கு அது எந்தப் பணம் என்று தெரியும். வேலையில் இருக்கும்போது ஆள் போனால் உங்கள் கம்பெனி கொடுக்கிற தொகை அது. புதுவீட்டுக்குப் போனதும் வாசல் கதவுக்கு உள்பக்கம் போட இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். நான் தனியாக இருக்கப் பயப்படுவேன் என்று அதற்கும் காசு ஒதுக்கியிருக்கிறீர்கள்.

எப்படி மனசு வந்தது உங்களுக்கு? என் முழங்கால் பட்டைக்கு வருஷத்துக்கு ஒன்று என்று ஐந்து முறை எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் புதுக் கண்ணாடி, எனக்குக் குளிருக்குப் போர்வை. ஒவ்வொன்றாக யோசித்து எழுதின ஆள், மூன்றாம் மாதத்தில் தன்னை எடுத்துவிட்டுக் கூட்டிப் போட்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அடித்திருப்பேன். அப்புறம் அந்தத் தாளை மார்போடு பிடித்துக்கொண்டு அழுதேன். வீட்டுக்காரம்மா சத்தம் கேட்டு வந்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. மோட்டாரை இன்னொரு அரை மணி நேரம் போட்டுவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

இனி நான் சொல்லப்போவதைக் கோபப்படாமல் படியுங்கள். ஐம்பதாயிரத்துக்கு மேல் எதுவானாலும் இரண்டு பேரும் கலந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது நம் பேச்சு. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அதை மீறிவிட்டேன். நேற்று கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீடு கட்டுகிறவர்கள் அலுவலகத்துக்குப் போனேன். வீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கான மனு என் ஒருத்தி பேரில்தானே இருந்தது. உன் பேரில் இருக்கட்டும் என்று அன்றைக்கு ஒற்றைக்காலில் நின்றீர்கள். ஏன் என்று இப்போது புரிகிறது. அதனால் உங்கள் கையெழுத்து அங்கே தேவைப்படவில்லை. அலுவலகத்தில் இருந்த பெண் நல்லவிதமாகத்தான் பேசினாள். இன்னும் பத்து நாள் இருக்கே, யோசிச்சுட்டு வாங்களேன், கால் பங்கு போயிடுமே என்றாள். போகட்டும் என்றேன். காகிதத்தை வாங்கி, முத்திரை குத்தி, மிச்சம் ஒரு மாதத்தில் வரும் என்றாள். இடத்தை எதிர்பார்த்து ஏற்கெனவே ஒருவர் காத்திருக்கிறாராம். சமையலறை ஜன்னல் கிழக்குப் பக்கம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். வெளியே வந்து, பஸ் ஏறாமல் நடைபாதையிலேயே வெகுநேரம் நின்றேன். அந்த வீட்டை நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத்தான் தெரியும். தெரிந்ததால்தானே இப்படி ஒரு திட்டம் போட்டீர்கள். ஆகையால் தெளிவாகச் சொல்கிறேன். நீங்கள் செத்து எனக்கு வாங்கித் தருவதற்கு இனி வீடு என்று ஒன்று இல்லை. உங்கள் திட்டத்தில் தவணை கட்ட இடமில்லை, கடன் தீர வழியில்லை. அந்தப் பென்சில் தொகை வந்தாலும் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு ஓர் இடம் கிடையாது. நீங்கள் இல்லாமல் போனால் நான் இந்த வாடகை வீட்டில், அந்தப் பணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் மிச்சம்.

டாக்டரிடம் மறுபடி பேசிவிட்டேன். வருகிற வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார். அவர் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிழைத்தாலும் இனி நீங்கள் மாடி ஏறி லிஃப்ட் மாட்ட முடியாது என்று மட்டும் சொன்னார். ஏற வேண்டாம். என் சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிடலாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். முதலாளி ஒரு மாத லீவும் இரண்டு மாதச் சம்பளம் முன்பணமும் தந்திருக்கிறார். கல்யாணப் பெண் என் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். மாப்பிள்ளை எதற்குக் காசு கேட்டாலும், ஏன் எதற்கு என்று சண்டை போட்டாவது கேட்டுவிடு என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

இந்தக் கடிதத்தைத் துரிதத் தபாலில் போடுகிறேன். திங்கட்கிழமை உங்கள் கைக்கு வரும். செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் நான் வருவேன். வங்கிப் படிவத்தை நானே கொண்டுவருகிறேன். என் எதிரில் கையெழுத்துப் போடுங்கள். போடமாட்டேன் என்றால் போடுகிறவரை அந்த நாலாம் மாடி அறையிலேயே உட்கார்ந்திருப்பேன், வெல்டர் அண்ணன் வராந்தாவில் படுத்துக்கொள்ளட்டும். இத்தனை வருஷம் நீங்கள் எதை அடித்தாலும் நான் ஏன் என்று கேட்டதில்லை. உங்களை நீங்களே அடித்துவிட்டு அனுப்பியிருக்கிறீர்கள், இதை மட்டும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

என்னை அழைத்துப்போக ஸ்டேஷனுக்கு வராதீர்கள். படி இறங்காதீர்கள். வழி விசாரித்துக்கொண்டு நானே வந்துவிடுவேன், மூட்டு வலியானாலும் நாலு மாடியும் ஏறிவிடுவேன். கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சும்மா சாத்தி வையுங்கள். நான் உள்ளே வரும்போது நீங்கள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஏன் இவ்வளவு செலவு பண்ணிக்கொண்டு வந்தாய் என்று என்னைத் திட்ட வேண்டும். அது ஒன்றுதான் கேட்கிறேன்.

செவ்வாய்க்கிழமை வரைக்கும் நல்லபடியாக இருங்கள். என் ஆயுளில் பாதியை எடுத்துக்கொண்டாவது இருங்கள்.

உங்களவள்